லேடி டிரிவன்: பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களும் அவற்றை வைத்திருந்த பெண்களும்

நம் ஊர் பழைய கார் விளம்பரங்களில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சிங்கிள் ஓனர். டாக்டர் ஓட்டிய வண்டி. லேடி டிரிவன். மூன்றுக்கும் உள்ளர்த்தம் ஒன்றுதான்: வண்டியை யாரும் விரட்டி ஓட்டவில்லை, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்தது, பயப்படாமல் வாங்கலாம்.

இதில் மூன்றாவது சொல்லை 1950களின் ஃபெராரி ஒன்றிலோ மசெராட்டி ஒன்றிலோ எழுதி ஒட்டிப் பாருங்கள். அர்த்தம் குழம்பிவிடும். அந்த வண்டி பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஓடியிருக்கலாம். ஒரு நடிகைக்குப் பரிசாக வந்து அவர் சாவியைத் தொடாமலே போயிருக்கலாம். ஒரு இளவரசி பட்டறைக்கே சொல்லி அனுப்பித் தன் விருப்பப்படி செய்து வாங்கியதாக இருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு, பழைய கார் உலகத்தில் தனிப் பெயரும் தனி நிபுணர்களும் உண்டு. தமிழில் அதை உடைமை வரலாறு என்று சொல்லலாம். கார் யார் யார் கையில் இருந்தது, எப்போது கை மாறியது, ஒவ்வொருவரும் அதை என்ன செய்தார்கள் என்பதன் சான்றுள்ள கதை.

நிலம் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் புரியவைக்க இரண்டு வாக்கியம் போதும். முதலில் மூலப் பத்திரம் கேட்போம். அப்புறம் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, இடையில் யார் யார் பெயரில் இருந்தது, எங்காவது சங்கிலி அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். பழைய ஃபெராரி வாங்குகிறவரும் அதையேதான் செய்கிறார். இத்தாலியில் இதற்கு வசதியும் உண்டு. அங்கே 1927 முதல் பொது வாகனப் பதிவேடு ஒன்று இருக்கிறது. வண்டி யார் பெயரில் இருந்து யார் பெயருக்கு மாறியது என்பதைத் தேதி வரிசையில் அதிலிருந்து நகல் எடுக்கலாம். கிட்டத்தட்ட நம் வில்லங்கச் சான்றிதழ் மாதிரியேதான்.

அந்தச் சங்கிலியின் நுனி, வண்டியின் சட்டகத்தில் அடித்திருக்கும் எண். சேஸி நம்பர். இதில் ஃபெராரிக்கு நெடுங்காலம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. சாலையில் ஓட்டும் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண். மாடலின் பெயரும் ஒரு கணக்குத்தான். 250 என்றால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 250 சி.சி. சிலிண்டர்கள் பன்னிரண்டு, ஆக மொத்தம் 3 லிட்டர். 375 என்றால் 4.5 லிட்டர். பின்னால் 'எம்.எம்.' என்று வந்தால் அது மில்லே மில்யா, அதாவது பிரேஷியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பும் ஆயிரம் மைல் சாலைப் பந்தயம். இந்தக் கணக்கு தெரிந்தால் கீழே வரும் கதைகளில் பாதி தானாகவே விளங்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஃபெராரி போன்ற கம்பெனிகள் பெரும்பாலும் சட்டகமும் எஞ்சினும்தான் செய்தன. மேலே போர்த்தும் உலோக உடலை அடிப்பதற்கு வேறு பட்டறைகள் இருந்தன. மிலானில் டூரிங், ஸகாட்டோ. டுரினில் பினின் ஃபரினா, விஞ்ஞாலே. மோதெனாவில் ஸ்காலியெத்தி. துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பது போல, சட்டகத்தை வாங்கிப் பட்டறைக்கு அனுப்பி, எனக்கு இப்படி வேண்டும் என்று சொல்லலாம். பணம் இருந்தால், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத கார் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்காகவே செய்த கார்கள் அன்று இருந்ததற்கும் இன்று இல்லாததற்கும் இதுதான் காரணம்.

பரிசுகள்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த வகையை முடித்துவிடலாம். பணக்கார ஆண் வாங்குகிறார், புகழ்பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிறார், பத்திரிகைகள் படம் எடுக்கின்றன. 1949-ல் ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தை ஆகா கானின் மகன் அலி கான் பிரான்ஸில் கல்யாணம் செய்துகொண்டபோது, அவர் கொடுத்த பரிசுகளில் திறந்த கூரை ஆல்ஃபா ரோமியோ 6சி 2500 ஒன்றும் உண்டு. அழகான வண்டி. கல்யாணம் நான்கு வருடத்தில் முறிந்தது.

இதைவிடச் சுவையானது இங்கிரிட் பெர்க்மனின் ஃபெராரி. சுவீடனில் பிறந்து ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்த பெர்க்மன், இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரோசெல்லினியோடு வாழ இத்தாலிக்கு வந்தவர். ரோசெல்லினிக்குக் கார் பைத்தியம். 1953-ல் மில்லே மில்யாவிலேயே கலந்துகொண்டார். அடுத்த வருடம் மனைவிக்காக என்று சொல்லி 375 எம்.எம். சட்டகம் ஒன்றின் மேல் பினின் ஃபரினாவிடம் ஒரு கூப்பே, அதாவது மூடிய கூரையுள்ள இரண்டு கதவு கார், செய்யச் சொன்னார். 1954 பாரிஸ் கார் கண்காட்சியில் அது நின்றது. மூடித் திறக்கும் முகப்பு விளக்குகள், பின்பக்கம் வழிந்து இறங்கும் கூரை, பொன்மை கலந்த மங்கிய சாம்பல் நிறம். அந்த நிறத்துக்கு இன்றும் பெயர் 'கிரிஜோ இங்கிரிட்', அதாவது இங்கிரிட் சாம்பல். பிற்காலத்து ஃபெராரி வாங்கியவர்களும் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது சேஸி எண்ணைப் பாருங்கள்: 0456. இரட்டைப்படை. பந்தயச் சட்டகம். 4.5 லிட்டர், சுமார் 340 குதிரைத்திறன். மனைவி ஓட்டுவதற்கு ஒருவர் தேர்ந்தெடுக்கும் வண்டியா இது, தனக்குப் பிடித்ததை மனைவி பெயரில் வாங்கும் பழைய தந்திரமா? என் ஓட்டு இரண்டாவதற்கு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மனைவியின் பிறந்தநாளுக்குப் பெரிய டிவி வரும், கிரிக்கெட் சீசனுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். ரோசெல்லினியிடம் இன்னொரு 375 எம்.எம்.மும் இருந்தது, சேஸி எண் 0402. திறந்த உடலோடு இருந்த அது அடிபட்டதும் ஸ்காலியெத்தியிடம் கொடுத்து மூடிய உடல் அடித்துக்கொண்டார். 2014-ல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய முதல் ஃபெராரி அந்த வண்டிதான்.

பெர்க்மன் காரைப் பற்றிய பேச்சு எல்லாம் அவர் பெயரில், கார் மீதான ஆசை எல்லாம் கணவருடையது. உடைமை வரலாறு படிக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்கப் பழக வேண்டும்.

சொல்லிச் செய்தவர்

பெல்ஜியத்தின் லிலியான் இளவரசி வேறு ரகம். மன்னர் மூன்றாம் லியோபோல்டின் இரண்டாவது மனைவி. 1941-ல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது நடந்த கல்யாணம் என்பதாலும், மக்கள் நெஞ்சில் இருந்த முதல் ராணி ஆஸ்ட்ரிட்டின் இடத்துக்கு வந்தவர் என்பதாலும் நாட்டில் அவருக்கு வரவேற்பு இல்லை. ராணி என்ற பட்டமும் இல்லை; ரெத்தி இளவரசி என்றுதான் பெயர். ஆனால் மரனெல்லோவில், ஃபெராரி பட்டறையில், அவருக்கு மரியாதை வேறு மாதிரி. கம்பெனியை நிறுவிய என்ஸோ ஃபெராரியின் நண்பர். கணவரைப் போலவே, சொல்லப்போனால் கணவரைவிடவும், கார் ரசனை உள்ளவர். ஃபெராரியும் பினின் ஃபரினாவும் சேர்ந்து 1950களிலேயே அந்தத் தம்பதிக்கென்று தனிக் கார்கள் செய்து கொடுத்தார்கள். 1967-ல் 330 ஜிடிசி ஸ்பெஷாலே என்று மொத்தமே நான்கு கார்கள் வந்தன. நான்கில் ஒன்று லிலியானுக்கு.

ஃபெராரி வாடிக்கையாளர்களை என்ஸோ நடத்திய விதம் பிரசித்தம். பெரிய மனிதர்களையே வெளியில் காக்கவைப்பார் என்பார்கள். அந்த வாசலுக்குள் தடையில்லாமல் போய் வந்த ஒருவருக்குக் கிடைத்த காரை 'பரிசு' என்ற பெட்டியில் போட முடியாது. புடவைக் கடையில் உட்கார்ந்து, இந்தக் கரையை மாற்று, அந்த முந்தியை இதில் போடு என்று நெய்யச் சொல்லி வாங்குகிறவரைப் போன்றவர் அவர்.

பெயர் ஏன் காணாமல் போகிறது

அடுத்த வகைக்குப் போகுமுன் ஒரு சின்னச் சட்டப் பாடம். சலிப்பாக இருக்கும், ஆனால் இது இல்லாமல் பதிவேடுகளைப் படித்தால் தவறாகத்தான் படிப்போம்.

இத்தாலியில் 1919 வரை, கல்யாணமான பெண் தன் சொத்தை விற்கவோ கடன் வாங்கவோ கணவரின் அனுமதி வேண்டும். பிரான்ஸில் 1965 வரை, கணவர் சம்மதிக்காமல் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது. பாரிஸில் பெர்க்மனின் கார் நின்றபோதும் அந்தச் சட்டம்தான். அமெரிக்காவில் பெண் என்பதற்காகவோ கல்யாணம் ஆனவர் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1974-ல். ஆக, ஒரு பெண் தன் பணத்தில் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய காருக்குக்கூடக் காகிதத்தில் கணவர் பெயரோ அப்பா பெயரோ இருந்திருக்க முடியும். நம் ஊர் ஆர்.சி. புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் இதன் மறுபக்கமும் தெரியும்: வரிக்காகவோ வசதிக்காகவோ மனைவி பெயரில் பதிந்து, கணவர் மட்டும் ஓட்டும் வண்டிகள். காகிதத்தில் இருக்கும் பெயர் ஒரு தொடக்கம் மட்டும்தான். அதனால்தான் நிபுணர்கள் பதிவேட்டோடு நிற்காமல் பந்தய நுழைவுப் பட்டியல், பட்டறை ரசீது, பழைய புகைப்படம் என்று தேடுகிறார்கள். புகைப்படத்தில் ஸ்டீரிங் பின்னால் இருப்பது யார் என்பதை எந்தப் பதிவாளரும் மாற்றி எழுத முடியாது.

தானே வாங்கி, தானே ஓட்டியவர்கள்

மரியா அன்தொனியெத்தா ஆவான்ஸோ. 1889-ல் பிறந்தவர், பாரனெஸ் பட்டம் உள்ளவர், இத்தாலியில் பெயர் பெற்ற முதல் பெண் பந்தய ஓட்டுநர். 1921-ல் பிரேஷியாவில் நடந்த பந்தயத்தில் ஆல்ஃபா ரோமியோ ஓட்டி மூன்றாவதாக வந்தார். அதே வருடம் டென்மார்க்கின் ஃபானோ தீவுக் கடற்கரையில் பந்தயம். அவருடைய பன்னிரண்டு சிலிண்டர் பாக்கார்டு தீப்பிடித்தது. நேராகக் கடலுக்குள் ஓட்டினார், தீ அணைந்தது. பாக்கார்டு அமெரிக்க வண்டி, இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் இல்லைதான். ஆனால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் மேல் தனக்கு மோகம் வந்த கதையைச் சொல்லும்போது என்ஸோ ஃபெராரி இந்த பாரனெஸின் பாக்கார்டையும் குறிப்பிட்டிருக்கிறார். பிற்பாடு ஃபெராரி என்றாலே பன்னிரண்டு சிலிண்டர் என்று ஆனதே, அதன் முன்கதையில் ஒரு பெண்ணின் வண்டி நிற்கிறது. இன்னொரு தகவல்: ஆவான்ஸோ, ரோசெல்லினியின் அம்மாவுடைய உடன்பிறந்தவர். ரோசெல்லினியின் கார் பைத்தியம் எந்த வழியில் வந்தது என்று இனித் தேட வேண்டாம்.

கோமோ நகரத்து அன்னா மரியா பெதுட்ஸியை எல்லோரும் 'மரொக்கினா', மொராக்கோக்காரி, என்று பட்டப்பெயரில் கூப்பிட்டார்கள். என்ஸோ ஃபெராரி சொந்தக் கார் செய்யத் தொடங்கும் முன்பு, ஆல்ஃபா ரோமியோ கார்களை ஓட்டும் அணி ஒன்றை நடத்தினார். அந்தக் காலத்தில் பெதுட்ஸி ஒரு ஆறு சிலிண்டர் ஆல்ஃபாவில், கணவர் ஜான்ஃபிராங்கோ கொமொத்தியோடு, 1934 மில்லே மில்யாவில் 1500 சி.சி. பிரிவை வென்றார். போர் முடிந்த பிறகும் விடவில்லை. 1950களில் ஃபெராரி 500 ஓட்டிக்கொண்டிருந்தார்.

எலே நீஸ் கதையில்தான் நான் கொஞ்சம் நின்று போவேன். பிரான்ஸின் ஒரு கிராமத்தில் தபால்காரரின் மகளாக 1900-ல் பிறந்தவர். பாரிஸ் மேடைகளில் நடனக்காரி. பனிச்சறுக்கில் முழங்கால் போனதும் நடனம் முடிந்தது, பந்தயம் தொடங்கியது. முதலில் பெயர் வாங்கித் தந்தது புகாட்டி. அப்புறம் 1930களில், ஆல்ஃபா ரோமியோ 8சி 2300 மோன்ஸா ஒன்றை வாங்கினார். எட்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர், அன்றைக்கு ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கக்கூடிய பந்தயக் கார்களில் முன்வரிசை. கம்பெனி அணி கிடையாது. வண்டி சொந்தம், செலவு சொந்தம், மெக்கானிக் சம்பளம் சொந்தம். பந்தய அமைப்பாளர்கள் தரும் ஆரம்பப் பணமும் விளம்பர வருமானமும்தான் பிழைப்பு. அன்று கார்களுக்கு நாட்டு நிறம் உண்டு: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். எந்த நாட்டுக் கார் என்பதைப் பார்க்காமல், யார் கொண்டு வருகிறார்கள் என்பதைப் பார்த்து நிறம். அதனால் அவருடைய இத்தாலிய ஆல்ஃபா நீலத்தில் ஓடியது. வண்டி யாருடையது என்பதை நிறமே சொல்லிவிட்ட காலம் அது.

1936 ஜூலையில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத் தெருக்களில் பந்தயம். கடைசிக் கட்டத்தில் முன்னால் போன காரைத் தாண்ட முயன்றபோது ஆல்ஃபா வைக்கோல் கட்டில் மோதிக் கூட்டத்துக்குள் பறந்தது. பார்வையாளர்கள் சிலர் இறந்தார்கள், பலருக்குக் காயம். தூக்கி எறியப்பட்ட எலே நீஸ் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். போருக்குப் பின் 1949-ல், மான்ட்டே கார்லோவில் ஒரு விருந்தில், பிரபல ஓட்டுநர் லூயி ஷிரோன் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, நீ நாஜி உளவுத்துறையின் ஆள் என்றார். எந்த ஆதாரமும் காட்டவில்லை. பிற்காலத்தில் தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் வாழ்க்கை முடிந்த மாதிரிதான். 1984-ல் நீஸ் நகரத்தில் வறுமையில் இறந்தார். அவர் ஓட்டிய ரகக் கார்கள் இன்று கோடிகளில் விலை போகின்றன. ஏலப் புத்தகத்தில் முன்னாள் உரிமையாளர் எலே நீஸ் என்று ஒரு வரி வந்தால் அது விலையைக் கூட்டும். அந்த வரியைச் சம்பாதித்தவருக்குக் கடைசிக் காலத்தில் கலைஞர்களுக்கு உதவும் ஒரு தர்ம அமைப்புதான் கை கொடுத்தது.

மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ், நேப்பிள்ஸ் பிரபுக் குடும்பம். வேகமாக ஓட்ட உன்னால் முடியாது என்று அண்ணன்கள் பந்தயம் கட்டியதில், 22 வயதில் ஒரு குட்டி ஃபியட் 500-ல் போட்டிக்குப் போய் ஜெயித்துவிட்டார். அதிலிருந்து மேலே ஏறி மசெராட்டியின் ஏ6ஜிசிஎஸ் என்ற இரண்டு லிட்டர் ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்தார். 1954-ல் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம். 1958-ல் மசெராட்டி 250எஃப். ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டிய முதல் பெண். ஸ்பாவில் நடந்த பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் பத்தாவதாக முடித்தார். அடுத்து பிரான்ஸில் அவரை இறங்கவே விடவில்லை. பெண் போடவேண்டிய ஹெல்மெட் சலூனில் தலைமுடி காயவைக்கும் ஹெல்மெட் மட்டும்தான் என்று பந்தய அதிகாரி சொன்னாராம். இதை அவரே பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். சக ஓட்டுநர் ஃபான்ஜியோ சொன்னது வேறு: நீ ரொம்ப வேகமாகப் போகிறாய், இவ்வளவு ஆபத்து எடுக்காதே. இரண்டில் எது பாராட்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1959-ல் அணித் தலைவர் ஜான் பெரா பெர்லினில் விபத்தில் இறந்ததும் பந்தயத்தை நிறுத்திக்கொண்டார். 2016-ல் காலமானார்.

லெ மான் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்திலும் ஒரு பெரிய கதவு சாத்தியிருந்தது. 1956-ல் ரீம்ஸ் பந்தயத்தில் ஆனி பூஸ்கே என்ற ஓட்டுநர் இறந்ததைக் காரணம் காட்டி லெ மான் அமைப்பாளர்கள் பெண்களையே ஒதுக்கினார்கள்; 1971 வரை. 1955-ல் அதே லெ மானில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே விபத்தில் இறந்தபோது ஆண் ஓட்டுநர்களை யாரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

மஞ்சள் ஃபெராரி

அமெரிக்காவின் டெனிஸ் மெக்ளக்கேஜ் தொழிலால் பத்திரிகையாளர். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் எழுதியவர். இண்டியனாபோலிஸ் பந்தயத்தில் பெண் என்பதால், கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பக்கமும் செய்தியாளர் அறைப் பக்கமும் விடவில்லை. வெளியிலிருந்து எழுதுவதைவிட உள்ளே ஓட்டுவது எளிது என்று ஆகிவிட்டது போல. வெள்ளையில் புள்ளி போட்ட ஹெல்மெட்தான் அடையாளம். தன் சொந்த ஃபெராரி 250 ஜிடியில், 1961 செப்ரிங் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில், ஆலன் ஈகர் என்ற ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞரைத் துணை ஓட்டுநராக வைத்துக்கொண்டு ஜிடி பிரிவை வென்றார். ஒட்டுமொத்தத்தில் பத்தாம் இடம். ஒரு செய்தியாளரும் ஒரு சாக்ஸஃபோன்காரரும்! இப்போது ஒரு ஃபெராரி விளம்பரத்தில் 'லேடி டிரிவன்' என்று போட்டால் இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

ஆறு வருடம் கழித்து அதே செப்ரிங்கில் இன்னொரு ஃபெராரி. இது அவருடைய சொந்த வண்டி இல்லை. அமெரிக்காவில் ஃபெராரி விற்ற லூயிஜி கினெத்தி, மரனெல்லோவைக் கெஞ்சித் திறந்த கூரையோடு 275 ஜிடிபி/4 சிலவற்றைச் செய்யவைத்தார். மொத்தம் பத்துதான் வந்தன. முதல் வண்டி, மஞ்சள் நிறம், சேஸி எண் 09437. ஒற்றைப்படை, சாலைக்குச் செய்த கார். அதை 1967 செப்ரிங் பந்தயத்தில் இறக்கி, ஓட்ட மெக்ளக்கேஜையும் பிங்கி ரோலோவையும் உட்காரவைத்தார். விளம்பரத்துக்குத்தான், வியாபாரி வேறு எதற்குச் செய்வார்? பன்னிரண்டு மணி நேரம் ஓடி 17-ஆவதாக முடித்தார்கள். அப்புறம் அந்த வண்டிக்குக் கருஞ்சிவப்பு அடித்து, அடுத்த வருடம் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் நாயகி ஃபே டனவே ஓட்டுவதாகக் காட்டினார்கள். 2005-ல் ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது.

அந்தப் பத்தில் இன்னொரு வண்டி 2013-ல் 2.75 கோடி டாலருக்குப் போனது. அதற்குப் பந்தயமும் கிடையாது, படமும் கிடையாது. நடுவில் சந்தை எகிறியது ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம் நம் விளம்பரங்களின் முதல் சொல்: வட கரோலினாவில் ஒரே குடும்பம் புதிதாக வாங்கி, ஒருமுறையும் விற்காமல் வைத்திருந்தது. சிங்கிள் ஓனர்!

காரோடு கம்பெனியும்

கடைசியாக இஸபெல் ஹாஸ்கெல். நியூ ஜெர்சி பணக்காரக் குடும்பம். 1950களில் சியாட்டா, ஓஸ்கா போன்ற சின்ன இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி ஓட்டினார், அப்புறம் மசெராட்டி. பந்தயங்களுக்காக ஐரோப்பா வந்தவர், அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த அலெஹாந்த்ரோ தெ தொமாசோ என்ற ஓட்டுநரை 1957-ல் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் ஒரே காரை மாறி மாறி ஓட்டிய பந்தயங்களும் உண்டு. 1959-ல் மோதெனாவில் தெ தொமாசோ கம்பெனி பிறந்தது. பெயர் கணவருடையது. பணத்துக்குப் பின்னால் இஸபெல் குடும்பம் இருந்தது. 1967-ல் கார் உடல் அடிக்கும் டுரினின் புகழ்பெற்ற கியா (Ghia) பட்டறையை வாங்கியது அவர் குடும்பத்தின் அமெரிக்கக் கம்பெனியான ரோவன்தான். நடத்தியது தெ தொமாசோ. 1971-ல் பான்டேரா என்ற தெ தொமாசோ ஸ்போர்ட்ஸ் கார் வந்து, அமெரிக்காவில் ஃபோர்டின் லிங்கன்-மெர்க்குரி ஷோரூம்களில் விற்றது.

1975-ல் திவாலாகும் நிலையில் இருந்த மசெராட்டியும் இத்தாலிய அரசின் உதவியோடு தெ தொமாசோ கைக்கு வந்தது. இருபது வருடத்துக்கு முன் இஸபெல் காசு கொடுத்து வாங்கி ஓட்டிய காரின் கம்பெனி. பான்டேராவின் மூக்கில் நீலம், வெள்ளை, நீலப் பட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் குறி இருக்கும். பட்டைகள் அர்ஜென்டினாக் கொடி. அந்தக் குறி, கணவரின் தாய்வழிக் குடும்பம் பண்ணையில் மாடுகளுக்குச் சூடு போட வைத்திருந்த முத்திரை. நியூ ஜெர்சிக்கு அதில் இடம் இல்லை.